எம்.ஜி.ஆரின் முதல் பட இயக்குநர், அவ்வளவுதானா?

எல்லிஸ் ஆர். டங்கன் என்றதும் நாம் வழக்கமாகச் சொல்வது இரண்டு விஷயம். எம்.ஜி.ஆர் நடித்த முதல் படத்தை இயக்கியவர், தமிழே தெரியாமல் தமிழ்ப் படம் எடுத்தவர். வினாடி வினாவுக்கு இது போதும். ஆனால் பதினைந்து வருடம் இங்கேயே இருந்து வேலை பார்த்த ஒரு இயக்குநரை இந்த இரண்டு வரியில் முடித்துவிடுகிறோமே என்ற எரிச்சல் எனக்கு உண்டு. டங்கனைப் பற்றி கரண் பாலி 2013-ல் எடுத்த ‘ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ ஆவணப்படத்தைப் பார்த்தபோது அந்த எரிச்சல் இன்னும் கூடியது.

ஒஹையோவில் பிறந்து, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர் டங்கன். கூடப் படித்த மாணிக்லால் டாண்டன் அழைத்ததால் 1935-ல் இந்தியா வந்தார். டாண்டன் அப்போது கே.பி.சுந்தராம்பாளை வைத்து ‘நந்தனார்’ எடுத்துக்கொண்டிருந்தார். சில மாதங்களில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். டாண்டனின் சிபாரிசில் ‘சதி லீலாவதி’ (1936) கைக்கு வந்தது, 1950 வரை இங்கேயே தங்கிவிட்டார்.

அந்தக் காலத்துத் தமிழ்ப் படம் என்பது பெரும்பாலும் மேடை நாடகத்தை அப்படியே கேமரா முன்னால் நடத்துவதுதான். பாட்டுக்கு மேல் பாட்டு, கேமரா நட்டு வைத்தாற்போல ஒரே இடத்தில் நிற்கும். டங்கன் அதை எங்கே உடைத்தார் என்று தெரிந்துகொள்ள ‘மீரா’வைப் (1945) பாருங்கள். ‘நந்தபாலா என் மணாளா’ பாட்டில் குழந்தை மீராவாகப் பாடத் தொடங்குவது ராதா. பாட்டு முடிவதற்குள் அவள் வளர்ந்து எம்.எஸ்.சுப்புலட்சுமி ஆகிவிடுகிறாள். பல வருடங்களை ஒரு பாட்டுக்குள் கடத்தியிருக்கிறார், வசனம் எதுவும் தேவைப்படவில்லை. எம்.எஸ்ஸின் முகத்துக்கு எந்தக் கோணத்தில் ஒளி விழவேண்டும் என்று பார்ப்பதற்காக அவருடைய மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்யச் சொல்லி, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு சேர்ந்து சோதித்துப் பார்த்திருக்கிறார். இப்படிப்பட்ட மனிதரிடம் போய் ‘தமிழ் தெரியுமா’ என்பதையே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மொழி தெரியாத குறையை யார் ஈடுகட்டினார்கள் என்று யோசித்தால் கதை இன்னும் சுவாரசியம். ‘அம்பிகாபதி’க்கு (1937) இளங்கோவன் வசனம். ரோமியோ ஜூலியட் சாயலில் காதல் காட்சி வேண்டும் என்றால் அதைத் தமிழில் பேசவைக்க அப்படி ஒருவர் வேண்டும். ‘மந்திரி குமாரி’க்கு (1950) கருணாநிதி. அந்தப் படத்தில் ‘வாராய் நீ வாராய்’ என்று மலை உச்சிக்கு அழைத்துப்போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கொல்லக் கூட்டிப்போகிறான் கணவன், கடைசியாக ஒருமுறை சுற்றிவந்து வணங்குகிறேன் என்று அவனையே தள்ளிவிடுகிறாள் மனைவி. பாட்டு இனிமையாக ஓட ஓட நமக்கு வயிற்றைப் பிசைகிறது. (இயக்கம் என்று டி.ஆர்.சுந்தரத்தின் பெயரும் இதில் உண்டு, அதையும் மறக்கக்கூடாது.)

ஆவணப்படத்தில் எனக்குக் குறையாகப் பட்டதும் இதுதான். டங்கன் மேல் அதற்கு இருக்கும் பிரியம் சரி, எனக்கும் உண்டு. ஆனால் அவருக்குப் பக்கத்தில் நின்று வசனத்தையும் வழக்கத்தையும் எடுத்துச்சொன்ன உதவியாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம். ‘பொன்முடி’யின் (1950) காதல் காட்சிகள் விரசம் என்று அப்போது கிளம்பிய எதிர்ப்பை மட்டும் வைத்தே அரை மணி நேரம் பேசலாம். பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியம்தான் அந்தப் படத்துக்கு மூலம். எழுத்தில் ஏற்றுக்கொண்டதைத் திரையில் பார்த்ததும் ஏன் கூச்சப்பட்டோம்?

அமெரிக்கா திரும்பிய பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை, மேற்கு வர்ஜீனியாவில் இருந்துகொண்டு ஆவணப்படங்கள் எடுத்தார். 2001-ல் இறந்தார். நியாயமாகப் பார்த்தால் அவரைப் பற்றிய இந்த ஆவணப்படத்தை நம் ஸ்டுடியோக்களில் ஒன்றோ திரைப்படக் கல்லூரியோ அவர் உயிரோடு இருக்கும்போதே எடுத்திருக்க வேண்டும். டங்கனுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. இன்று எண்பது வயதைத் தாண்டி நம்மிடையே இருக்கும் ஒளிப்பதிவாளர்களையும் எடிட்டர்களையும் யாராவது கேமரா முன் உட்காரவைத்துப் பேசவைக்கிறார்களா? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.