ஷீல்டு கடையில் உலக உருண்டை

திருநெல்வேலி வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் நாலு பேருக்காவது சர்வதேச விருது கிடைத்திருப்பது தெரிந்துவிடுகிறது. ஃப்ளெக்ஸில்தான் சொல்கிறேன். 'உலக மனிதநேயச் சிகரம்', 'சர்வதேச சமாதானத் தூதர்', அப்புறம் ஊசி போடத் தெரியாத ஏகப்பட்ட டாக்டர்கள். அண்ணாச்சி கையில் ஷீல்டு, தலையில் குஞ்சம் தொங்கும் தொப்பி, பின்னால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஏழெட்டுக் கொடிகள். கீழே வாழ்த்துகிற மச்சான்கள், மாப்பிள்ளைகள், வட்டச் செயலாளர்கள். அவர் என்ன சேவை செய்தார் என்று மட்டும் எந்த ஃப்ளெக்ஸிலும் ஒரு வரி இருக்காது.

நான் விருதுக்கு எதிரி இல்லை. நல்லது செய்கிறவனை நாலு பேர் பார்க்கப் பாராட்டினால் என்ன குறைந்துபோகும்? ஆனால் எந்த விருதைப் பார்த்தாலும் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இதில் பணம் எந்தப் பக்கம் போகிறது?

இந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்ட பையன்களைச் சாயங்காலம் வீட்டு முன்னறையில் உட்காரவைத்து, காசு வாங்காமல் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய வாட்ஸப்புக்கு ஒரு நாள் கடிதம் வந்தது. மேலே உலக உருண்டை, இரண்டு பக்கமும் ஆலிவ் இலை, ஐ.நா. சின்னத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்த மாதிரி. அவரை 'சர்வதேசப் பொதுச்சேவை விருதுக்கு'த் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். விழா டெல்லியில், நட்சத்திர ஹோட்டலில். பிரதிநிதிக் கட்டணம் பதினெட்டாயிரம், ஜிஎஸ்டி தனி. கூட மனைவி வந்தால் அதற்கு ஒரு கட்டணம். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "காச நான் குடுத்தா, விருத நான்தானவே அவனுக்குக் குடுக்கேன்?" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குக் கோப்பை வாங்க ஷீல்டு கடைக்குப் போனபோது இந்த வியாபாரத்தின் அடுத்த முனையைப் பார்த்தேன். வரிசையாக அக்ரிலிக் ஷீல்டுகள், பெயர் எழுத வேண்டிய பித்தளைத் தகடு மட்டும் வெறுமையாக. கடைப் பையன் கேட்டான்: "இன்டர்நேஷனலா, நேஷனலா சார்?" வித்தியாசம் என்ன என்றேன். இன்டர்நேஷனல் என்றால் மேலே உலக உருண்டை வைத்து வருமாம், விலை கொஞ்சம் கூட. அவன் கேலி செய்யவில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு வேண்டியதைச் சொன்னான், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் சின்ன ஊர்க்காரர்களோடு நிற்கிறது என்று நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில், சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு தனியார் அமைப்பு மேடை போட்டு, சினிமாப் பிரபலங்களுக்கு 'கௌரவ டாக்டர்' பட்டம் கொடுத்தது. பல்கலைக்கழகம் எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லி போலீசுக்குப் போனது. அரசாங்கம் கொடுக்கிற உண்மையான பத்ம விருதைக்கூடப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியாயிற்று. நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொரு சரக்கு, 'நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்' என்பது. அமைதிக்கான நோபலுக்கு 2025-ல் மட்டும் பட்டியலில் இருந்தவை 338 பெயர்கள். எந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரும், குறிப்பிட்ட சில துறைப் பேராசிரியர்களும் ஒரு கடிதம் எழுதினால் பெயர் போய்விடும். அந்தப் பட்டியலை நோபல் குழு 50 வருஷத்துக்கு வெளியிடாது. ஸ்டாலின் பெயர்கூட ஒரு காலத்தில் அதில் இருந்திருக்கிறது (சோவியத் ஸ்டாலின்தான், உடனே சண்டைக்கு வராதீர்கள்).

சரி, பணம் சரியான பக்கம் போகிற விருதுகளைப் பார்ப்போம். பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி ரமோன் மகசேசே 1957-ல் விமான விபத்தில் இறந்த பிறகு அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தினார்கள். 1958-ல் முதல் தடவை கொடுத்தபோதே வினோபா பாவே அதில் இருந்தார். 'வாழ்வுரிமை விருது' என்று நம் பத்திரிகைகள் எழுதுகிற ரைட் லைவ்லிஹுட் விருதின் கதை இன்னும் சுவாரசியம். யாகோப் ஃபான் உக்ஸ்குல் என்பவர் நோபல்காரர்களிடம் போய், சுற்றுச்சூழலுக்கும் ஏழை நாட்டுக்காரர்களின் வேலைக்கும் புதிதாகப் பரிசு வையுங்கள், நான் பணம் தருகிறேன் என்றார். அவர்கள் முடியாது என்றார்கள். மனிதர் தான் சேர்த்த தபால்தலைகளை விற்று, 1980-ல் தானே ஆரம்பித்துவிட்டார். தஞ்சைப் பக்கம் நிலமில்லாத தலித் பெண்களுக்கு நிலம் வாங்கிக்கொடுக்க வாழ்நாளைச் செலவழித்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியை 2008-ல் தேடி வந்தது அந்த விருதுதான்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம், அப்போது திருநெல்வேலி ஜில்லா. அங்கே 1918-ல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அதே விரல்களால் கண் ஆபரேஷன் செய்யப் பழகியவர். அரசாங்க வேலையில் ஓய்வுபெற்ற கையோடு 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதில் முடியாதவர்களுக்கும் வைத்தியம் நடக்க வேண்டும், அதுதான் கணக்கு. 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள், வெளிநாட்டு விலையில் ஒரு சின்னப் பங்குக்கு. 2010-ல் ஹில்டன் மனிதநேயப் பரிசாக 15 லட்சம் டாலர் இந்த மருத்துவமனைக்கு வந்தது. டாக்டர் 2006-லேயே காலமாகிவிட்டார்.

எங்கள் ஆச்சிக்கு இந்தப் பரிசு எதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டார்கள், வேனில் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனார்கள், கறுப்புக் கண்ணாடியோடு கொண்டுவந்து விட்டார்கள். வந்த மறுநாளே அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்து, இத்தனை நாள் அம்மா சரியாகப் பொறுக்கவில்லை என்று சண்டை பிடித்தாள். வீட்டில் அந்த மருத்துவமனைக்கு நல்ல பெயரா கெட்ட பெயரா என்று கொஞ்ச நாள் முடிவாகவில்லை.

நிஜமான விருதுகளிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் சுமார் 10 லட்சம் ஆஷா சுகாதாரப் பணியாளர்களுக்கு உலக சுகாதாரத் தலைவர் விருது கொடுத்தது. கொரோனாவில் வீடு வீடாக ஏறி இறங்கிய பெண்கள். விருது வந்தது, சம்பளம் என்று ஒன்று இன்னும் வரவில்லை; வேலைக்குத் தக்க ஊக்கத்தொகைதான். நம் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. அமைப்பு ஒன்றின் விருது கிடைத்தது. நல்ல திட்டம், மாற்றுக் கருத்தே இல்லை. சுகர் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து வருகிற அக்காவை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்த அக்கா கையில் வந்து சேர்வது ஊக்கத்தொகை, போட்டோவில் நிற்பது வேறு ஆள். கௌரவம் மேலேயே தங்கிவிட்டால், அது எவ்வளவு பெரிய சபையிலிருந்து வந்தாலும் பாதி விருதுதான்.

வெளிநாட்டு மெடல் எங்களுக்குப் புதுசும் இல்லை. களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேலுக்கு 1919-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. அந்த அம்மாள் அதைக் கேட்டுச் சங்கடப்பட்டார், வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். மற்றவர்கள் வற்புறுத்தியதால் ஒப்புக்கொண்டார், ஆனால் மெட்ராஸ் விழாவுக்குப் போகவில்லை. அவருடைய மதப்பிரசாரத்தில் எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயங்கள் உண்டு, அது தனிப் பேச்சு. 1951-ல் இறந்தபோது கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்ததால், பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிதான் அங்கே இருக்கிறது.

பாலம் கல்யாணசுந்தரம் ஐயாவைப் பற்றி வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லோருக்கும் ஃபார்வர்டு வரும். எப்போதும் அது அமெரிக்காக்காரன் கொடுத்த 'ஆயிரமாண்டின் மனிதர்' பட்டத்தில்தான் ஆரம்பிக்கும், போகப் போக ஐ.நா. வரை வளரும். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கலைக் கல்லூரியில் நூலகராக இருந்துகொண்டு சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தன் சாப்பாட்டுக்கு வேறு வேலை பார்த்தவர். இது நடந்தது நமக்கு அடுத்த ஊரில். இதைச் சொல்ல அமெரிக்கா எதற்கு? இந்திய அரசுக்கே அவருக்குப் பத்மஸ்ரீ கொடுக்க 2023 ஆகிவிட்டது.

அதே 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் அதே ஸ்ரீவைகுண்டத்தில் நின்றதே, நினைவிருக்கிறதா? சுமார் 800 பயணிகள், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயிலை மேலே போக விடாமல் நிறுத்திய ஸ்டேஷன் அதிகாரிக்கு ரயில்வே விருது கொடுத்தது, நியாயம். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் ஊரையும் மழை விடாத நேரத்தில், முன்பின் தெரியாதவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். ஊர் முழுக்கச் சேர்ந்து செய்ததை எந்தப் படிவத்தில், யார் பெயரில் எழுதுவது?

எழுத வேண்டியது நாம்தான். ரைட் லைவ்லிஹுட் விருதுக்கு யாரும் யாரையும் முன்மொழியலாம். பத்ம விருதுக்கு இணையதளத்தில் எந்தக் குடிமகனும் பரிந்துரை அனுப்பலாம், கட்டணம் ஒரு பைசா கிடையாது. நாம் பரிந்துரைக்கிறவர் செய்த வேலையை 800 சொல்லுக்குள் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்க ஆகிற செலவில் பத்துப் பேருக்கு டைப் அடித்து அனுப்பிவிடலாம். கணக்கு வாத்தியாருக்கு நான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் கிழித்துவிடுவார். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும் என்று தயங்காதீர்கள். பாளையங்கோட்டையில் தெருவுக்கு நாலு ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார்கள் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள், திருத்திக் கொடுக்க ஆள் கிடைக்காமல்.