5 ரோல்பேக் ஆனால் கியூ நின்றுவிடும்

நீண்ட நேரம் ஓடும் ஸ்டோர்டு புரொசீஜரை (டேட்டாபேஸிலேயே சேமித்து வைக்கும் நிரல்) சர்வீஸ் புரோக்கர் கியூ (செய்திகளை வரிசையில் வைத்துக் கையாளும் வசதி) வழியாகப் பின்னணியில் ஓட்டலாம் என்று உங்கள் கட்டுரையில் சொன்ன யோசனை அருமை. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரில் 2005 பதிப்பிலிருந்தே உள்ள வசதி, பலர் தொடுவதே இல்லை. ஆனால் பாய்சன் மெசேஜைப் (கையாள முயலும் ஒவ்வொரு முறையும் தோல்வியில் முடியும் செய்தி) பற்றி அவசியம் சொல்லியிருக்க வேண்டும். செய்தியை எடுத்த டிரான்சாக்‌ஷன் (ஒரே தொகுப்பாக நடக்கும் வேலை) தொடர்ந்து 5 முறை ரோல்பேக் ஆனால், அதாவது செய்த மாற்றங்கள் ரத்தாகிப் பழைய நிலைக்குத் திரும்பினால், கியூ தானாகவே முடங்கிவிடும். எங்களுக்கு ஒருநாள் இரவு அப்படித்தான் ஆனது. திரையில் எந்தப் பிழையும் இல்லை. ஆக்டிவேஷனில் (கியூவில் செய்தி வந்ததும் சர்வரே தானாக இயக்குவது) ஓடும் புரொசீஜருக்குத் திரை ஏது? பிரின்ட் கட்டளையால் எழுதியதுகூட சர்வரின் எரர் லாகில் (பிழைப் பதிவேடு) தான் கிடந்தது. அப்புறம், சேவ்பாயின்ட் (டிரான்சாக்‌ஷனின் நடுவே குறித்து வைக்கும் இடம்) வரை மட்டும் ரோல்பேக் செய்து, சிக்கலான செய்தியைத் தனி டேபிளில் எழுதி, கமிட் செய்யும்படி (மாற்றங்களை உறுதிசெய்து முடிப்பது) மாற்றினோம். முடிந்தால் இதையும் கட்டுரையில் சேருங்கள்.