மார்லின் கெட்ட அப்பா இல்லை

அந்த க்ளிப்பை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்தேன். கீழே வந்த கமெண்ட்டுகளையும் ஒன்றுவிடாமல் படித்தேன். நான் போட்ட ஒரே ஒரு பதிலுக்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளையும் பார்த்தேன். அங்கே மறுபடி போய் மல்லுக்கட்டத் தெம்பில்லை. என் சுவரிலேயே எழுதிவிடுகிறேன்.

‘ஃபைண்டிங் நீமோ’ 2003-இல் வந்த அனிமேஷன் படம். அதில் பவளப்பாறையின் விளிம்பில் மார்லின் என்ற கோமாளி மீன் தன் மகன் நீமோவை மறித்து, உன்னால் இதெல்லாம் முடியாது என்கிறான். நீமோ, உன்னைப் பிடிக்கவில்லை என்கிறான். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, “டாக்ஸிக் அப்பா. சின்ன வயசுல புரியல, இப்ப புரியுது” என்று மேலே எழுதியிருக்கிறார்கள்.

என்ன புரிந்தது? மார்லின் கெட்ட அப்பா இல்லை. குழந்தையைப் பறிகொடுத்த அப்பா. ஒன்றிரண்டு இல்லை, நானூறுக்கும் மேற்பட்ட முட்டைகள். கூடவே மனைவி கோரலும். பாரகுடா என்ற வேட்டை மீன் பாய்கிறது, மார்லின் மயங்கி விழுகிறான், கண் திறந்தால் இருட்டு. மேலே ஒன்றுமே மிச்சமில்லை. கீழே ஒரே ஒரு முட்டை, அதிலும் ஒரு கீறல். அதைத் துடுப்பில் ஏந்திக்கொண்டு, உனக்கு எதுவும் ஆக விடமாட்டேன் என்கிறான். இதைப் பார்த்துவிட்டு அவனை டாக்ஸிக் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

இன்னொன்று தெரியுமா? இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் முதலில் அந்த இழப்பைப் படம் நெடுக ஃப்ளாஷ்பேக்காகத் துண்டு துண்டாகத்தான் வைத்திருந்தார். அப்படிப் பார்த்தபோது மார்லின் தொணதொணவென்று எரிச்சலூட்டுகிற ஆளாகத் தெரிந்தான். மொத்தத்தையும் படத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவன் பதற்றத்தை நம்மால் தாங்க முடிந்தது. படம் எடுத்தவர்களே வேண்டாமென்று ஒதுக்கிய மார்லினைத்தான் அந்த க்ளிப்பை வெட்டியவர் திரும்ப உருவாக்கியிருக்கிறார்.

போன வாரம் மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். நீமோ பள்ளிக்கூடம் போகிற முதல் நாள் காலை. மார்லின் வீட்டை விட்டு வெளியே வருகிறான், ஆபத்து இருக்கிறதா என்று பார்க்கிறான், உள்ளே போகிறான். திரும்ப வெளியே, திரும்ப உள்ளே. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வயதில் நானும் அப்படித்தான் சிரித்தேன். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு அண்ணன் பிறந்து, இரண்டு வயதுகூட நிறையாமல் போய்விட்டான். நான் தூங்கும்போது அப்பா என் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். நான் முழித்துவிட்டால் போர்வையைச் சரிசெய்வதுபோல இழுத்துவிடுவார். பெரிய பையனான பிறகும் இது நிற்கவில்லை. எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

“அப்ப பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கணும்னு சொல்ல வர்றியா” என்று கேட்பீர்கள். இல்லை. படமும் அதைச் சொல்லவில்லை. சொந்த மகனோடு நடக்கப் போனபோது அதைத் தொடாதே, விழுந்துவிடுவாய் என்று சொல்லியே பொழுதைக் கழித்ததிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று ஸ்டான்டனே சொல்லியிருக்கிறார். பயம் ஒரு நல்ல அப்பாவை அப்பாவாக இருக்கவிடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். காணாமல்போன நீமோவைத் தேடிப் போகும் வழியில் கூடச் சேர்ந்துகொள்ளும் டோரி என்ற மீன் மார்லினிடம் கேட்பதும் அதைத்தானே? எதுவுமே ஆகாமல் பார்த்துக்கொண்டால் அவனுக்கு வாழ்க்கையில் எதுவுமே நடக்காதே என்று. ஆனால் அவள் அவனை மட்டம் தட்டவில்லை. கூடவே நீந்துகிறாள். அந்தக் கமெண்ட் பகுதியில் அப்படி ஒரே ஒரு ஆளைக்கூட நான் பார்க்கவில்லை.

கோமாளி மீன்களில் பெண் செத்துப்போனால் ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும் என்று பாடம் நடத்தியவருக்கு: உண்மைதான், ஆனால் நாம் பேசிக்கொண்டிருந்தது அது இல்லை. கிராஃபிக்ஸ் பழசாகிவிட்டது என்றவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியில் வலை வருகிறதே, அதை ஏன் யாரும் வெட்டிப் போடவில்லை? டோரி மாட்டிக்கொள்கிறாள். உள்ளே போய் எல்லா மீன்களையும் கீழ்நோக்கி நீந்தச் சொன்னால் தப்பிக்கலாம் என்கிறான் நீமோ. இப்போதுதான் திரும்பக் கிடைத்த பிள்ளை. மார்லின் ஒரு கணம் இறுக்கிப் பிடிக்கிறான். பிறகு, உன்னால் முடியும் என்று சொல்லி விட்டுவிடுகிறான். க்ளிப்பில் முடியாது என்று சொன்ன அதே அப்பாதான்.

என் அப்பாவும் விட்டார். வேலைக்கு வெளியூர் கிளம்பிய அன்று பெட்டியைத் தூக்கி ரயிலில் வைத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு என்று மட்டும் சொன்னார். கூட வருகிறேன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று என் மகள் பிறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரிடம் சொல்ல அப்போது அவர் இல்லை.

என் பதிலுக்குக் கீழே, “உங்க அப்பாவும் இந்த மாதிரி கேஸ் போல” என்று எழுதியவர் இதையும் படிப்பார் என்று தெரியும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்த ஒரு கமெண்ட்டை மட்டும் அழித்துவிடுங்கள்.