ஒரு வகை மரமாம்!

பழைய நாவல் படித்தால் சொல்வளம் பெருகும் என்று சொன்ன புண்ணியவான் யார்? எனக்குப் பெருகுவது எரிச்சல்தான்.

தெரியாத சொல் வருகிறது. சரி, கையகராதியைத் திறக்கிறேன். ‘புன்னை: ஒரு வகை மரம்.’ ‘வகுளம்: ஒரு வகை மரம்.’ ‘அன்றில்: ஒரு வகைப் பறவை.’ அட, கதாநாயகி அதன் அடியில் நின்று அழும்போதே அது மரம் என்று தெரிந்துவிட்டதே! அப்புறம் எதற்கய்யா அகராதி? சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதிக்குப் போகலாமென்றால், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் போட்டவர்கள் மரத்துக்கு லத்தீனில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ் நாவல் படிக்க லத்தீன்! விளங்கிடும்.

அடிக்குறிப்பு போடும் பதிப்பாளர்கள் இதற்கும் ஒரு படி மேல். ‘மதி’க்கு நட்சத்திரக் குறி போட்டு ‘நிலா’ என்று விளக்குவார்கள். அடுத்த வரியிலேயே ‘அகஸ்மாத்தாக’, ‘ஜாஜ்வல்யமாக’ என்று இரண்டு பூதங்கள் நிற்கும். அங்கே மட்டும் மௌன விரதம்.

கணக்கு வேறு. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு ஜாமம் ஏழரை நாழிகை. வில்லன் இரண்டாம் ஜாமம் கழிந்து நாலு நாழிகையில் கத்தியோடு வருகிறானாம். நான் பயப்படுவதா, பெருக்கல் போடுவதா?

இவ்வளவு பாடுபட்டுக் கற்றதை எங்கே செலவழிப்பது? ஆட்டோக்காரரிடம் ‘அரைக் காதம் போக என்ன வாங்குவீர்?’ என்றா? அதற்கும் மீட்டருக்கு மேல் ஐம்பது என்றுதான் பதில் வரும்.