ஆஸ்டின் கலை ஆணையமும் வீட்டு வரிப் புரளியும்

டெக்சாஸின் ஆஸ்டின் நகரைப் பற்றி ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: 'கலை ஆணையத்தில் 11 பேர் உட்கார்ந்துகொண்டு, நம் வீட்டு வரியை வேண்டிய கலைஞர்களுக்கு வாரிக் கொடுக்கிறார்கள்.' டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, வீட்டு வரிதான் கழுத்தை நெரிக்கும். அதனால் இதைப் படித்ததும் கோபம் வருவது சகஜம்.

11 பேர் என்பது சரி. நகர மன்றம் நியமிக்கும் அவர்களுக்குச் சம்பளம் இல்லை, காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரமும் இல்லை. விதிகளையும் திட்டங்களையும் அலசிப் பரிந்துரைப்பார்கள், கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம். முடிவு மன்றத்தின் கையில்.

கலைக் குழுக்களுக்கான மானியம் பெரும்பாலும் விடுதி வரியிலிருந்து வருகிறது. 100 டாலர் அறைக்கு மாநிலம் 6 டாலர், நகரம் 11 டாலர் வசூலிக்கும். நகரத்தின் பங்கில் கலைக்குப் போவது சுமார் 1 டாலர்தான். மாநிலச் சட்டமே 15% என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்தச் செலவு சுற்றுலாவுக்கும் உதவ வேண்டும். 2020இல் கொரோனாவால் அறைகள் காலியானதும் கலை நிதியும் சரிந்தது. வீட்டு வரிப் பணமாக இருந்திருந்தால் அப்படி ஆகியிருக்குமா?

புரளியில் ஒரு துளி உண்மையும் உண்டு, மறைப்பானேன். 1985 முதல், தகுதியுள்ள நகராட்சிக் கட்டுமானத் திட்டங்களின் செலவில் ஒரு பங்கு (இப்போது 2%) பொதுவிடக் கலைக்கு ஒதுக்கப்படுகிறது. அக்கட்டுமானம் கடன் பத்திரத்தில் நடந்தால், கடனை அடைப்பது வீட்டு வரிதான். ஆனால் அது அந்தக் கட்டடத்தில் நிற்கும் சிற்பத்துக்கோ சுவரோவியத்துக்கோ போகும் பணம், மானியத்துக்கு அல்ல.