கொழுந்துத் தராசின் திரை யார் பக்கம் பார்க்கிறது?

தேயிலைத் துறை பற்றி யார் வாயைத் திறந்தாலும் இப்போது டிஜிட்டல் விநியோகச் சங்கிலி, அதாவது தோட்டம் முதல் கடை வரை தேயிலையின் பயணத்தைக் கணினியில் பதிவது என்ற பேச்சுத்தான். பிளாக்செயின் என்ற டிஜிட்டல் பேரேடு, பெட்டியில் கியூஆர் கோடு, கொள்கலனுக்குள் சென்சர். வரட்டும், நன்றாக வரட்டும். ஆனால் அந்தச் சங்கிலி தொடங்குவது துறைமுகத்தில் இல்லை, மலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில். அங்கே பதிவாகும் கணக்கு, கொழுந்தை எடுத்த பெண்ணின் கண்ணுக்கே படுவதில்லை. என் கோபம் அதில்தான்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பல தோட்டங்களுக்கு மின்தராசு வந்துவிட்டது. என் சின்னம்மா வேலை செய்யும் தோட்டத்தில் ஆளுக்கொரு அட்டை. பையைக் கொக்கியில் மாட்டி அட்டையைக் காட்டினால் எடை கருவியில் ஏறிவிடும், மாலையில் ஆபீஸ் கணினிக்குப் போய்விடும். பக்கத்தில் நின்று பார்த்தேன். எண் தெரியும் சின்னத் திரை, எடையைக் குறிக்கும் கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பியிருக்கிறது. சின்னம்மா தராசுக்கு மறுபக்கம் நிற்கிறார். கணக்கப்பிள்ளை வாயால் சொல்வதுதான் அவருக்கு எடை. அதுவும் பைக்கு, ஈரத்துக்கு என்று கழித்த பிறகு.

பையின் எடையைக் கழிக்க மின்தராசிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. வெறும் பையை மாட்டி அதை அழுத்தினால் பூச்சியம் காட்டும், அதன் பிறகு காட்டுவதெல்லாம் கொழுந்தின் எடை மட்டும். இவ்வளவு வசதியுள்ள கருவியை வாங்கிவிட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி இரண்டு கிலோ என்று குத்துமதிப்பாக வெட்டுவது என்ன நியாயம்? பல தோட்டங்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். 19 கிலோ எடுத்தவருக்கு இரண்டு போனால் 17, அன்றைக்கு அரைப் பேர்தான்.

மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கும், அதை மறுக்கவில்லை. அப்படியானால் மொத்த எடை, கழிவு, கழித்த காரணம் மூன்றும் தனித்தனியாகப் பதிவாகட்டும். கழித்து மிஞ்சியதை மட்டும் ஏற்றினால், பென்சிலால் எழுதிய காலத்தில் சண்டை பிடித்தாவது திருத்த முடிந்த கணக்கு, இப்போது "கம்ப்யூட்டர்ல இருக்கு" என்ற ஒரே வார்த்தையில் அடைபட்டுப் போகும். பிளாக்செயின் என்று பெருமைப்படுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். ஏற்றிய தகவலை யாரும் மாற்றாமல் அது காக்கும். ஏற்றியது சரியா என்று அதற்குத் தெரியாது.

மேலே இருப்பவர்களுக்குத் தேவை வந்தால் எதுவும் நடக்கும். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020இல் கொரோனா வந்ததும் இணையத்துக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுக் காடழிப்புத் தடுப்புச் சட்டம், இறப்பர், கோப்பி போன்றவை எந்த நிலத்தில் விளைந்தன என்று ஆள்கூறுகளோடு (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண்கள்) கேட்கிறது. அந்தப் பட்டியலில் தேயிலை இல்லை. ஆனால் நம் பெருந்தோட்டக் கம்பனிகளில் பல இறப்பரும் வைத்திருக்கின்றன, ஆகவே இந்த வேலை அவர்களுக்குப் புதிதாக இருக்கப் போவதில்லை. காணியின் ஆள்கூறு கடல் தாண்டிப் போகலாம், காலையில் எடுத்த கிலோ மட்டும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வரக்கூடாதா?

வங்கியில் ஆயிரம் ரூபாய் எடுத்தாலே போனுக்குச் செய்தி வருகிறது. அதே போல ஒவ்வொரு நிறுவைக்கும் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். மலையில் சிக்னல் இல்லை என்பார்கள். சரி, கருவி சேமித்து வைத்து மாலையில்தானே அனுப்புகிறது? செய்தியும் மாலையிலேயே வரட்டும். தவறு என்றால் சம்பளத்துக்கு முன்பே கேட்க வழி இருக்க வேண்டும்.

தோட்டத்தில் கேட்டுக் கிடைக்காவிட்டால் இன்னொரு வாசலும் உண்டு. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டத்தின்படி, அங்குள்ள பெரிய நிறுவனங்கள் முறைப்பாடு ஏற்கும் வழி ஒன்றை வைத்திருக்க வேண்டும். பொருள் வாங்கும் நாடுகளின் தொழிலாளரும் அதைப் பயன்படுத்தலாம். நம் தேயிலையை அப்படிப்பட்ட நிறுவனம் வாங்கினால் அந்தக் கதவு நமக்கும் திறந்ததுதான். இதை எத்தனை தொழிற்சங்கத் தலைவர்கள், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் சொல்லியிருக்கிறார்கள்?

சம்பளப் பேச்சு என்றால் ரூபாயோடு முடிந்துவிடுகிறது. 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாய் வந்த கையோடு பல இடங்களில் எடுக்க வேண்டிய கிலோவையும் கூட்டினார்கள், மறந்துவிட வேண்டாம். அடுத்த ஒப்பந்தத்தில் தராசையும் எழுதச் சொல்லுங்கள்: இரண்டு பக்கமும் திரை, பைக்குக் குத்துமதிப்புக் கழிவு இல்லை, அன்றன்றைக்கே தமிழில் கணக்கு.

உங்கள் தோட்டத்தில் எப்படி நிறுக்கிறார்கள், எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம், கழிவு எத்தனை கிலோ என்பது போதும். சேர்த்துச் சங்கங்களுக்கு அனுப்புகிறேன்.