கல்வெட்டுக்கு முன்னால் காரையைப் படியுங்கள்

வரலாறு படித்துவிட்டு மரபுக் கட்டடப் பாதுகாப்பில் வேலை தேடும் தம்பி தங்கைகளே, ராமநாதபுரம் கடற்கரையில் கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. இங்கே சுவரே ஆவணம். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தைப் பாருங்கள். கடல் பவளப்பாறையிலிருந்து வெட்டிய பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் அறுபது வருட உப்புக்காற்றுக்குப் பிறகும் நிற்கின்றன.

அப்படிப்பட்ட சுவரில் சிமெண்ட் பூசுவதைப் போலக் கொடுமை வேறில்லை. அடியிலிருந்து ஏறும் உப்பு ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் அதற்கு வழிவிடாது. உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே பூத்து, கல்லை மாவாக உதிர்க்கும். வெளியே பளபளவென்று இருப்பதால் சில வருடங்களுக்கு யாருக்கும் தெரியவே தெரியாது.

பழைய கலவை என்னவென்று பார்க்க, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இணைப்புக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் மாதிரி எடுக்க வேண்டும். உலர்த்தி எடைபோட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரை அடங்கும்வரை கரைத்து, வடிகட்டி, மிஞ்சும் மணலை மறுபடி எடைபோட்டால் சுண்ணாம்பு, மணல் விகிதம் ஏறக்குறைய கிடைக்கும். ஆனால் நம் கடற்கரையில் இதில் ஒரு பெரிய பொறி உண்டு. கலவையில் கிளிஞ்சல் துண்டோ பவளப் பொடியோ இருந்தால் அதுவும் அமிலத்தில் கரைந்துபோகும். சுண்ணாம்பு அதிகம் என்று கணக்குக் காட்டும். அதை நம்பிக் கலந்தால் பூச்சு சுருங்கி வலைவலையாக வெடிக்கும். அதனால் முதலில் உருப்பெருக்கியில் பாருங்கள், பிறகு அமிலம்.

புதுக் கலவைக்குப் பொதுவாக ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல் சரியாக வரும். கடல் மணல் கூடவே கூடாது, உப்பை நாமே உள்ளே வைத்ததாகிவிடும். சரியாக நீறாத, அதாவது தண்ணீரில் முழுதாக வெந்து தணியாத சுண்ணாம்பு சுவரில் ஏறிய பிறகு நீறிப் பொரிந்து குழி விழும். கலவையில் சேர்க்கும் கடுக்காய், கருப்பட்டி ஊறல் எவ்வளவு என்பதை அனுபவமுள்ள கொத்தனாரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் வரலாறுதான். பூசியதும் ஈரச் சாக்குப் போட்டுக் குறைந்தது ஒரு வாரம் காக்க வேண்டும். கடல்காற்று மேற்பரப்பை மட்டும் சட்டென்று உலர்த்திவிடும்.

பவளக்கல் இனிப் புதிதாகக் கிடைக்காது. பவளப்பாறை உயிர்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. விழுந்த கல் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் படமெடுத்து அதே வளாகத்தில் அடுக்கி வையுங்கள். குப்பையோடு லாரியில் போனால் ஈடு கிடையாது.

இவ்வளவும் தெரிந்த வரலாற்றாளரை நாம் எப்போது கூப்பிடுகிறோம்? வேலை முடிந்து தகவல் பலகை எழுதத்தான். எஸ்டிமேட் போடும் நாளிலேயே அவர் சுவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று அவர் குறித்துக் கையெழுத்திடாமல் பழைய பூச்சில் ஒரு உளிகூடப் படக்கூடாது, அதை டெண்டர் நிபந்தனையாகவே எழுதுங்கள்.